நாலாவது புத்தகத்தில் மாட்டிக்கொண்டவருக்கு

கேள்வி: "நண்பர் ஒருவர் 'தி லாஃபிங் போலீஸ்மேன்' என்ற ஸ்வீடன் நாட்டு க்ரைம் நாவலைக் கொடுத்து, சஸ்பென்ஸ் பிரமாதம் என்றார். எண்பது பக்கம் தாண்டிவிட்டேன். பஸ்ஸுக்குள் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். போலீஸ்காரர்களோ காபி குடிக்கிறார்கள், தும்முகிறார்கள், வீட்டுக்குப் போகிறார்கள். அப்புறம்தான் கவனித்தேன், இது பத்து நூல் தொடரில் நாலாவதாம். முதலிலிருந்து படிக்கணுமா? விறுவிறுப்பு எப்போது வரும்?"

படிக்கணும். இப்போது இருக்கும் பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகி வைத்துவிட்டு, முதல் நூலான 'ரோசன்னா'வைத் தேடி எடுங்கள். எண்பது பக்கம் வீணாகிவிட்டதே என்று தோன்றும். வீணாகாது. ஏன் என்று சொல்லும்போதே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிடும்.

இந்தத் தொடரை எழுதியவர்கள் இருவர். மாய் ஷோவால், பெர் வாலோ. இருவரும் பத்திரிகைக்காரர்கள். கல்யாணம் செய்துகொள்ளாமலே சேர்ந்து வாழ்ந்தவர்கள். குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, இரவில் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கு ஓர் அத்தியாயமாக மாற்றி மாற்றி எழுதினார்கள். 1965 முதல் 1975 வரை பத்து நூல்கள். நூலுக்கு முப்பது அத்தியாயம், மொத்தம் முந்நூறு அத்தியாயம், எல்லாம் சேர்ந்து ஒரே நாவல் என்பதுதான் திட்டம். ஸ்வீடிஷில் தொடருக்கு அவர்கள் கொடுத்த பொதுத் தலைப்பு 'ஒரு குற்றத்தின் நாவல்'. குற்றம் என்பது அங்கே ஒருமையில் இருக்கிறது, கவனியுங்கள். கடைசி நூல் வந்த அதே 1975இல், ஜூன் மாதம், வாலோ இறந்துபோனார்.

ஆக, உங்கள் கையில் இருப்பது ஒரு பெரிய நாவலின் 91ஆம் அத்தியாயத்திலிருந்து தொடங்கும் பகுதி. பதிப்பாளர்கள் இதை அட்டையில் பெரிதாகப் போடுவதில்லை, "தனியாகவும் படிக்கலாம்" என்ற தோற்றம் விற்பனைக்கு நல்லது என்பதால். ஒவ்வொரு நூலிலும் ஒரு வழக்கு தொடங்கி முடிவதால் அது முழுப் பொய்யும் இல்லை. அந்தப் பாதி உண்மையால் எனக்கு நஷ்டம்தான். பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரே நூல் என்று ஒன்பதாவதை, 'காப் கில்லர்' என்பதை, முதலில் வாங்கிப் படித்துவிட்டேன். அதில் முதல் நூலின் குற்றவாளி திரும்ப வருகிறார், பெயரோடு. போதாதென்று இரண்டாம் நூலின் குற்றவாளியும் வருகிறார், தண்டனை முடிந்து வேறு பெயரில் வாழ்பவராக. இரண்டு நாவல்களின் முடிவும் ஒரே மாலையில் போச்சு. மற்ற நூல்களில் வரிசை கொஞ்சம் தவறினாலும் தாங்கும், ஆனால் ஒன்பதாவதை மட்டும் முன்னால் தொடாதீர்கள். அதேபோல ஏழாம் நூலின் கடைசிப் பக்கத்தில் நடப்பது என்ன ஆயிற்று என்பது எட்டாம் நூலின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும்.

இவையெல்லாம் முடிவு தெரிந்துவிடும் என்ற சாதாரணக் காரணங்கள். உங்கள் நாலாம் நூலுக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

அந்த பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். 1967 நவம்பர் மாத மழை இரவு. ஸ்டாக்ஹோம் போலீஸில் பாதிப்பேர் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் வியட்நாம் போர் எதிர்ப்பு ஊர்வலத்தை அடக்குவதில் இருக்கிறார்கள். (அந்த நாடு சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது அந்த ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதிதான். எல்லாமே புரண்டுகிடந்த ஓர் ஆண்டு.) மாடி பஸ் ஒன்றில் சுடப்பட்டவர்களில் ஒருவர் ஸ்டென்ஸ்ட்ரோம். தொடரின் கதாநாயகனான போலீஸ் அதிகாரி மார்ட்டின் பெக்கின் குழுவைச் சேர்ந்த இளம் போலீஸ்காரர். பணி நேரம் இல்லாத அந்த இரவில் அவர் அந்த பஸ்ஸில் எதற்கு ஏறினார் என்பதுதான் நாவலே.

நீங்கள் அவரைப் பிணமாகத்தான் முதன்முதலில் சந்தித்தீர்கள். வரிசையாக வந்தவருக்கு அவர் ஏற்கெனவே பழக்கமானவர். முதல் நூலிலேயே வருகிறார். அனுபவம் குறைந்த இளைஞர், ஆனால் ஒருவரைப் பின்தொடர்வதென்றால் நிழல் மாதிரி ஒட்டிக்கொள்வார். அந்தத் திறமை பெரிதாகத் தெரியாமல் அங்கே ஒரு மூலையில் கிடக்கிறது. நாலாம் நூலில் அதற்கு வேலை வருகிறது. இதற்கு மேல் சொன்னால் உங்கள் நண்பர் என்னை மன்னிக்க மாட்டார்.

சரி, விறுவிறுப்பு எங்கே?

அதற்கு 'ரோசன்னா'வைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், இந்த வகை எழுத்தின் இலக்கணமே அங்கேதான் தொடங்குகிறது. இடம் யோத்தா கால்வாய். ஸ்வீடனைக் குறுக்கே வெட்டிக் கிழக்குக் கடலோரத்தையும் பெரிய ஏரிகளையும் இணைக்கும் 190 கிலோமீட்டர் நீர்வழி, 1832இல் திறந்தது, படகுகளைப் படிப்படியாக ஏற்றி இறக்க 58 மதகுகள். அதில் மூத்தாலா ஊருக்கு அருகே பூரென்ஸ்ஹுல்ட் மதகுப் படியில், ஜூலை மாதத்தின் ஒரு நல்ல வெயில் நாளில், தூர்வாரும் இயந்திரம் சேற்றோடு ஒரு பெண்ணின் உடலை அள்ளி எடுக்கிறது. ஆமாம், ஜூலை, வெயில். வட நாட்டு க்ரைம் என்றால் அட்டையில் பனியும் ரத்தமும் இருந்தாக வேண்டும் என்ற வழக்கம் பின்னால் வந்தது.

அவள் யார்? யாருக்கும் தெரியாது. அந்த வயதில் அந்தத் தோற்றத்தில் எந்தப் பெண்ணையும் காணோம் என்று புகாரே இல்லை. மார்ட்டின் பெக் ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறார், பார்க்கிறார், எதுவும் கிடைக்காமல் திரும்பிப் போகிறார். வாரங்கள் போகின்றன. மூன்று மாதம் ஆன பிறகு அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலிருந்து ஒரு தந்தி வருகிறது. அப்போதுதான் அவளுக்குப் பெயரே கிடைக்கிறது. நூலகத்தில் வேலை பார்த்தவள், உல்லாசப் பயணமாக வந்தவள், கால்வாயில் போகும் 'டயானா' என்ற சிறு கப்பலில் இருந்தவள். அந்தக் கப்பல் கற்பனை இல்லை. 1931இல் கட்டிய அதே டயானா இன்றும் கோடைதோறும் பயணிகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கால்வாயில் போகிறது. எழுத்தாளர்களுக்கு இந்தக் கதை உதித்ததும் அப்படி ஒரு கால்வாய்ப் பயணத்தில்தான் என்று ஷோவால் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உடன் பயணித்த அழகான அமெரிக்கப் பெண் ஒருத்தியை வாலோ பார்த்துக்கொண்டே இருந்தாராம், நாவலை இவளைக் கொன்று தொடங்கலாமே என்று ஷோவாலுக்குத் தோன்றியதாம்.

இனி கப்பலில் இருந்த எண்பதுக்கும் மேற்பட்டவர்களைத் தேட வேண்டும். பயணம் முடிந்து அவர்கள் உலகெங்கும் சிதறிவிட்டார்கள். பெக் என்ன செய்கிறார் என்றால், அவர்கள் எடுத்த படங்களையும் கைக்கேமரா பிலிம்களையும் தபாலில் கேட்டு வாங்குகிறார். யாரோ ஒருவர் தன் மனைவியை எடுத்த படத்தின் ஓரத்தில் செத்துப்போன பெண் நிற்கிறாள். இன்னொன்றில் அவளுக்குப் பின்னால் ஒரு ஆள், முகம் சரியாகத் தெரியவில்லை. அந்த ஓரங்களை மட்டும் சேர்த்துச் சேர்த்து அவளுடைய கடைசி நாட்களை ஒட்டுகிறார்கள். நடுநடுவே விசாரணை வாக்குமூலங்கள் அப்படியே கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று அச்சாகியிருக்கும். வர்ணனை ஒரு வரிகூட இருக்காது. நெப்ராஸ்காவில் அவளுடைய தோழியைக் கேட்ட வாக்குமூலத்தைப் படிக்கும்போது, ஜூலையிலிருந்து வெறும் உடலாகக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு மொத்தத் தொடரிலும் மயிர்க்கூச்செறிந்த இடம் அதுதான். துப்பாக்கியே இல்லாத இடம்.

நம்மில் பலர் மாத நாவல்களில் க்ரைம் படித்துப் பழகியவர்கள். அத்தியாய முடிவில் கதவு திறக்கும், யாரோ 'வீல்' என்று அலறுவார்கள், நாம் புரட்டுவோம். நானும் அப்படி வளர்ந்தவன்தான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அங்கே சஸ்பென்ஸ் என்பது அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்ற பதைப்பு. ஷோவால், வாலோவிடம் அது காத்திருப்பு. ஒரு தந்திக்காக, ஒரு படம் கழுவி வருவதற்காக, மணி அடிக்காத டெலிபோனுக்காக. 'ரோசன்னா'வின் கடைசிப் பகுதியில் சந்தேக நபருக்கு ஒரு பொறி வைக்கிறார்கள். பொறி வைத்தால் எலி அன்றிரவே வந்துவிட வேண்டும் என்பதுதானே கதைகளின் வழக்கம்? இங்கே நாட்கள் போகும், எதுவும் நடக்காது. மறுபடி நாட்கள் போகும். வழக்கு முடிய ஜனவரி ஆகிவிடும். எதுவும் நடக்காமல் இருப்பதைத் தாங்க முடியாத நிலைக்கு நீங்கள் வந்த பிறகுதான் ஏதோ நடக்கும்.

எனவே உங்கள் எண்பது பக்கத்தில் அவர்கள் காபி குடிப்பதும் தும்முவதும் கதைக்கு வெளியே இல்லை. பெக்குக்கு எப்போதும் ஜலதோஷம், வயிற்றுக் கோளாறு, சுரங்க ரயிலின் நெரிசல் ஆகாது. வீட்டில் மனைவியோடு சண்டைகூடப் பெரிதாக இல்லை, பேச்சுதான் நூலுக்கு நூல் குறைந்துகொண்டே வரும். ஒரு நூலில் அவர் படுக்கையறையை விட்டு ஹாலில் சோபாவுக்கு மாறியிருப்பார், அதற்குத் தனிக் காட்சியே இருக்காது. அவருடைய சகாக்களில் கோல்பெர்க் துப்பாக்கி எடுத்துப்போக மறுப்பவர், அதற்கு ஒரு காரணம் உண்டு. மெலாந்தர் எதையும் மறக்க மாட்டார், தேடும்போது எப்போதும் கழிவறையில் இருப்பார். குன்வால்ட் லார்ஷோன் விலையுயர்ந்த உடைகள் போட்டுக்கொண்டு எல்லாரையும் எரிச்சலூட்டுவார், அவருக்கும் கோல்பெர்க்குக்கும் ஆகவே ஆகாது. இவர்களை வரிசைப்படி பழகினால் நாலாம் நூலில் அந்தத் தும்மல் கேட்கும்போது 'ஐயோ, மறுபடியுமா' என்று சிரிப்பு வரும். நேராக உள்ளே நுழைந்தவருக்கு அது பக்கம் நிரப்பும் வேலையாகத்தான் தெரியும்.

வேகமாகப் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள் என்பதும் அதனால்தான். பக்கத்து நாடான நார்வேயில் ஈஸ்டர் விடுமுறைக்கு மலைக்குடிலுக்குப் போய், கதகதப்பாக உட்கார்ந்து நாள்கணக்கில் க்ரைம் படிப்பது ஒரு தேசியப் பழக்கம். அதற்கு 'போஸ்கெக்ரீம்' என்றே பெயர். தொடங்கிய கதை வேடிக்கை: 1923 மார்ச் 24ஆம் தேதி ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் முதல் பக்கத்தில் "பெர்கன் ரயில் நேற்றிரவு கொள்ளையடிக்கப்பட்டது" என்று வந்ததைப் பார்த்துப் பலர் பதறிவிட்டார்கள். அது ஒரு புது நாவலுக்கான விளம்பரம். இன்று ஈஸ்டர் சமயத்தில் அங்கே பால் பெட்டிகளின் மேலேகூடக் குட்டித் துப்பறியும் கதை அச்சாகி வருகிறது.

ஆங்கில மொழிபெயர்ப்பில் காணாமல்போகும் ஒரு விஷயம் உண்டு, தமிழில் வளர்ந்தவர்களுக்கு உடனே பிடிபடும். 1960கள் வரை ஸ்வீடிஷில் முன்பின் தெரியாதவரிடம் 'நீ' என்று பேசுவது தகாது. 'நீங்கள்' போன்ற சொல் ஒன்று உண்டு, அதிலும் ஏதோ மட்டந்தட்டும் வாடை அடிப்பதாக நினைத்தார்கள். அதனால் பதவியைச் சொல்லிப் படர்க்கையிலேயே பேசிச் சமாளிப்பார்கள். நாம் ஒருவரை எதிரில் வைத்துக்கொண்டு "சாருக்கு காபி சொல்லட்டுமா?" என்று கேட்கிறோமே, அதே வித்தை. 1967இல் நாட்டின் மருத்துவ வாரியத் தலைவராக வந்த ப்ரூர் ரெக்செத், ஊழியர்கள் எல்லாரையும் 'நீ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். அந்த மாற்றத்துக்கே அவர் பெயர் அடையாளமாகிவிட்டது. சில ஆண்டுகளில் நாடே அப்படிப் பேச ஆரம்பித்தது. மார்ட்டின் பெக் தொடர் எழுதப்பட்ட பத்தாண்டு சரியாக இந்த மாற்றத்தின் பத்தாண்டு. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே 'யூ'. படிக்கும்போது மனசுக்குள் 'சார்', 'நீங்க', 'நீ', 'டேய்' என்று நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கோல்பெர்க்கும் பெக்கும் எவ்வளவு நெருக்கம், குன்வால்ட் லார்ஷோன் யாரை எவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறார் என்பது தானாக விளங்கும்.

பெயர்கள் குழப்பும், நாற்பது பக்கம் வரை. 'கத்தன்' என்று முடிந்தால் தெரு, 'வேகன்' என்றால் சாலை, 'ஹோல்மென்' என்றால் தீவு, 'புரோன்' என்றால் பாலம். இவ்வளவு தெரிந்தால் ஊர் வரைபடம் பாதி திறந்துவிடும்.

சட்டத்தில் ஒன்றிரண்டு நம் பழக்கத்துக்கு மாறானவை. குறிப்பிட்ட ஆள்மேல் சந்தேகம் வலுத்ததும் விசாரணைப் பொறுப்பு அரசு வழக்கறிஞருடையது, அதனால்தான் போலீஸ்காரர்கள் அவர் அறைக்கு அடிக்கடி ஓடுகிறார்கள். பணம் கட்டி ஜாமீனில் வருவது அங்கே கிடையாது. கொலைக்கும் 25 ஆண்டு காலவரம்பு இருந்தது, அது தாண்டினால் கொலைகாரனே வந்து ஒப்புக்கொண்டாலும் வழக்கு இல்லை. 2010இல் அதை நீக்கினார்கள். அதற்கு முந்தைய ஸ்வீடிஷ் நாவல்களில் யாராவது பழைய கோப்பின் தேதியைப் பார்த்துப் பதறினால் இதுதான் காரணம்.

அரசியல் பற்றி எச்சரிக்க வேண்டும். இருவரும் மார்க்சியர்கள். நலத்திட்ட நாடு என்று உலகம் மெச்சிய ஸ்வீடன் தன் உழைக்கும் மக்களைக் கைவிட்டது என்பதுதான் தலைப்பில் உள்ள அந்த ஒருமைக் குற்றம். 1965 ஜனவரி முதல் தேதி அங்கே ஊர் ஊராக இருந்த போலீஸ் அமைப்புகளை ஒரே தேசியப் படையாக்கினார்கள். அதன் மேலிடத்தைத் தொடர் முழுக்கக் கிழிகிழியென்று கிழிப்பார்கள். முதல் மூன்று நூல்களில் இது அடங்கியே இருக்கும், பிறகு ஏறும். ஆறாவதில், மால்மோ நகரத்து ஹோட்டலில் ஒரு தொழிலதிபர் சுடப்படும் கதையில், பிரசங்கம் கதையைத் தின்றுவிட்டதாக எனக்குப் படுகிறது. எட்டாவதில் அதே கோபம் நகைச்சுவையாக மாறிவிடுகிறது, வங்கிக் கொள்ளை பிடிக்கும் தனிப்படையின் கூத்தைப் படித்து நடுராத்திரியில் சத்தமாகச் சிரித்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

இந்த வரிசைச் சிக்கல் மற்ற தொடர்களிலும் உண்டு. சில இடங்களில் மோசம். ஸ்வீடனின் ஹென்னிங் மான்கெல், வாலாண்டர் என்ற போலீஸ்காரரை வைத்து எழுதிய நூல்கள் ஆங்கிலத்துக்கு வந்த வரிசையே தாறுமாறு: 1994இல் எழுதிய நாலாவது நூல் 2005இல்தான் ஆங்கிலத்தில் கிடைத்தது. அதில் நூல்களுக்கிடையே ஓடுவது வாலாண்டரின் உடம்பும், மகள் லிண்டாவும், ஒரே நிலக்காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும் அப்பாவும். ஒன்றிரண்டு முன்பின் ஆனாலும் தாங்கும், கடைசி நூலைக் கடைசியில் படித்தால் போதும். நார்வேயின் யோ நெஸ்போ விஷயம் அப்படியில்லை. அவருடைய ஐந்தாம் நூல்தான் முதலில், 2005இல், ஆங்கிலமானது. மூன்றாவதில் தொடங்கும் ஒரு பகை அந்த ஐந்தாவதில் தீர்கிறது. எதிரி யார் என்பது வாசகருக்கு முன்பே தெரியும், கதாநாயகன் ஹாரி ஹூலேவுக்குத் தெரியாது, இரண்டு நூல் நாம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை முடிவிலிருந்து படித்த ஆங்கில வாசகர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. முதல் இரண்டு நூல்கள் சிட்னியிலும் பாங்காக்கிலும் நடப்பவை, அவற்றை விட்டுவிட்டு மூன்றாவதான 'தி ரெட்பிரெஸ்ட்' நாவலில் தொடங்கினால் நஷ்டமில்லை.

உங்களுக்கு இப்போதைக்கு நெஸ்போ வேண்டாம். 'ரோசன்னா', அடுத்து புடாபெஸ்டுக்குப் போகும் இரண்டாவது, பிறகு பூங்காவில் குழந்தைகள் கொல்லப்படும் மூன்றாவது. மூன்றுமே சின்ன நூல்கள். இரண்டாவது கொஞ்சம் தொய்வுதான், பரவாயில்லை, தள்ளிக்கொண்டு போங்கள். மூன்றாவதை ராத்திரியில் தொடங்க வேண்டாம். அப்புறம் துண்டுச்சீட்டு வைத்த இடத்துக்குத் திரும்பி வாங்க, ஆனால் அந்தப் பக்கத்திலிருந்து தொடராதீர்கள். முதல் பக்கத்திலிருந்து, மழையிலிருந்து, மறுபடி ஆரம்பியுங்கள். பஸ்ஸுக்குள் ஏறும்போது அந்த இளைஞர் எந்த இருக்கையில் இருக்கிறார் என்று இந்தத் தடவை தேடுவீர்கள்.